ஒரு மரக்கால் தவிடும் ஐந்து ஏக்கரும்

1

இந்தக் கதையின் முதல் வரியை எழுதியது நான் இல்லை. என் அப்பா எழுதினார், 1970ஆம் வருஷம், நீல மையில், அரசாங்கப் பதிவேட்டில்.

நன்னிலத்துக்குக் கிழக்கே ஒரு கடைமடைக் கிராமத்தில் அவர் பட்டாமணியார். ஊரின் வரி வசூலும் பிறப்பு இறப்புப் பதிவும் அவர் கையில் இருந்தன. கதைப் புத்தகம் படிக்கிறவர்களை வேலை வெட்டி இல்லாதவர்கள் என்பார். ஆனாலும் அவர் எழுதிய அந்த ஒற்றை வரி அளவுக்கு உறுதியான ஒரு புனைவை நான் இதுவரை எழுதவில்லை. அந்த வரியில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. அது ஐந்து ஏக்கர் நஞ்சையைக் காப்பாற்றிக் கொடுத்தது. பிற்பாடு ரேஷன் கார்டில் சர்க்கரை வாங்கியது, வாக்காளர் பட்டியலில் ஏறியது.

ஜனத்தொகை பெருகிக்கொண்டே போகிறது, நிலமும் நீரும் அப்படியே இருக்கின்றன என்று யாராவது மேடையில் முழங்கும்போதெல்லாம் நான் தலையைக் குனிந்துகொள்கிறேன். அந்தப் பெருகிய தொகையில் ஒன்று என் அப்பா பெற்றது. (பெற்றது என்பதை அடித்துவிட்டு ‘எழுதியது’ என்று போடலாமா என யோசித்தேன். வேண்டாம், இருக்கட்டும்.)

2

எப்படித் தொடங்குவது என்று ஆறு மாதம் தடுமாறினேன். முதல் வரைவு இது:

‘காவிரி கடலைச் சேர்வதற்குச் சற்று முன்னால், நாணல் பூத்த கரையோரம், இடுப்பில் குழந்தையோடு காத்தாயி—’

நிறுத்திவிட்டேன். காத்தாயி நாணலை அறுத்துக் கூரை வேய்ந்தவள். அது பூத்ததா இல்லையா என்று நின்று பார்க்க அவளுக்கு நேரம் இருந்ததில்லை. பூத்ததைப் பார்த்தவள் நான்தான். எங்கள் வீட்டு மாடியிலிருந்து.

இரண்டாவது வரைவு புள்ளிவிவரத்தோடு தொடங்கியது: ‘இந்தியாவில் ஒவ்வொரு நிமிடமும்—’ அதையும் கிழித்தேன். நான் பள்ளிக்கூட வாத்தியார் வேலை பார்த்தவள். 1991இல் மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு என்னையும் அனுப்பினார்கள். அந்தப் புள்ளிவிவரத்தை உண்டாக்கிய கைகளில் என் கையும் ஒன்று. அது என்ன எழுதியது என்பதைக் கடைசியில் சொல்கிறேன். இப்போதே சொன்னால் நீங்கள் என்னை நம்பாமல் போய்விடுவீர்கள். கடைசியில் சொன்னாலும் நம்ப மாட்டீர்கள்தான், ஆனால் அதற்குள் கதை முடிந்திருக்கும்.

மூன்றாவது முறை தவிட்டிலிருந்து தொடங்கினேன். அது நிலைத்து நின்றது.

3

1969, ஐப்பசி. மழை விட்டிருந்த ஒரு காலை நேரம்.

காத்தாயிக்கு மூத்தவன் இளையபெருமாள் ஒருவன்தான் தங்கியிருந்தான். அவனுக்குப் பின்னால் பிறந்த இரண்டும் தங்கவில்லை. ஒன்று பதினோராம் நாள் போயிற்று, இன்னொன்று பல் முளைக்கும் முன்பே போயிற்று. நான்காவதாக இந்தப் பெண் பிறந்தபோது அவளுக்கு வந்தது சந்தோஷம் இல்லை, பயம். வந்து வந்து கொண்டுபோகிறவனுக்குத் தன் குடிசை அடையாளம் தெரிந்துவிட்டது என்று நினைத்தாள். அவன் திரும்பி வரும்போது இங்கே தன் பிள்ளை என்று எதுவும் இருக்கக் கூடாது.

ஒன்பதாம் நாள் குழந்தையை முறத்தில் கிடத்திக்கொண்டு பண்ணை வீட்டுக் கொல்லைக்குப் போனாள். புருஷன் வீரையன் முன்னால் நடந்தான். அவன் அந்தப் பண்ணையில் உழுகிறவன். பண்ணையார் உத்திராபதியின் மனைவி பிரகதாம்பாள் மாட்டுத் தொழுவத்தின் அருகே வந்து நின்றாள்.

“என்னடி கொண்டாந்திருக்க?”

“குப்பையில கெடந்துதும்மா. வாங்கிக்குங்க.”

“என்ன வெலை?”

“ஒரு மரக்கா தவுடு.”

தவிட்டை அளந்து முறத்தில் குழந்தையின் காலடியில் கொட்டினார்கள். “வாங்கிட்டேன். இனிமே இது எங்க வூட்டுப் புள்ள. நீ வளத்துக் குடு” என்றாள் பிரகதாம்பாள். குழந்தையைத் தொடவில்லை. சேரிப் பிள்ளையைத் தொடாமலே வாங்க முடியும் என்பது இந்தச் சடங்கில் ஒரு வசதி.

(அடிக்குறிப்பாகப் போட வேண்டியது, இங்கேயே சொல்லிவிடுகிறேன். தவிடு மாட்டுக்கு வைப்பது. அதற்கு விற்ற பிள்ளை என்றால் தேடி வருகிறவன் இதற்கு மதிப்பில்லை, இவளுடையதும் இல்லை என்று ஏமாந்து போவான். ஐந்து வயது நிறைந்ததும் அதே அளவு தவிட்டைத் திருப்பிக் கொடுத்துப் பிள்ளையை மீட்டுக்கொள்ளலாம். அதுவரை பெற்றவள் ‘என் பிள்ளை’ என்று வாய் திறந்து சொல்லக் கூடாது. பிள்ளையும் அவளை அம்மா என்று கூப்பிடக் கூடாது.)

குழந்தைக்குத் தவுடு என்றே பேராயிற்று. பேச்சு வந்ததும் காத்தாயியை அக்கா என்று கூப்பிட்டாள். யாராவது “இது யார் புள்ள?” என்று கேட்டால் காத்தாயி உடனே சொல்வாள்: “பண்ணைப் புள்ளைங்க. வளக்குறேன்.” சொல்லிவிட்டு ஒரு தடவை வானத்தைப் பார்ப்பாள், சரியான ஆளுக்குக் கேட்டதா என்று.

அந்தப் பிறப்பை அவர்கள் பட்டாமணியாரிடம் சொல்லவே இல்லை. விற்றுவிட்ட பிள்ளையைத் தன் பேரில் எழுதச் சொல்ல அவளுக்குப் பைத்தியமா?

4

உத்திராபதியை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. முறுக்கிய மீசையும் கையில் சாட்டையுமாக எழுதினால் வேலை சுலபம். ஆனால் அவருக்கு மீசை கிடையாது. கன்று ஈன்ற பசுவுக்குத் தானே கஞ்சி வைப்பார். அறுபத்தேழில் ஆட்சி மாறியதும் அவர் வேட்டியின் கரையும் மாறியது. மேடையில் நன்றாகப் பேசுவார். எனக்கு அவரைப் பிடிக்கும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். சின்ன வயதில் எனக்குப் பேனா வாங்கிக் கொடுத்தவர் அவர்.

1970 பிப்ரவரியில் நில உச்சவரம்பைக் குறைத்தார்கள். ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்குப் பதினைந்து ஏக்கர். ஐந்துக்கு மேல் ஒவ்வொரு தலைக்கும் இன்னும் ஐந்து. (ஸ்டாண்டர்டு ஏக்கர் என்று எழுத வேண்டும்; அதை விளக்கினால் கதை படுத்துவிடும்.) மிச்சம் இருப்பதை நிலமில்லாதவர்களுக்குப் பிரித்துக் கொடுப்பது என்று ஏற்பாடு. சட்டம் எழுதியவர்களைக் குறை சொல்ல மாட்டேன். வாய் கூடினால் சோறும் கூட வேண்டும் என்ற நியாயம்தான் அது. அந்த நியாயம் நிலம் இருந்த வீட்டுக்கு மட்டும் பொருந்தியது. நிலமில்லாத வீட்டில் வாய் கூடினால் அதற்கு வேறு பெயர் வைத்திருந்தார்கள்: ஜனத்தொகைப் பிரச்சினை.

பண்ணை வீட்டில் உத்திராபதி, பிரகதாம்பாள், மூன்று பிள்ளைகள். சரியாக ஐந்து பேர். வாய்க்காலின் கடைசியில் இருந்த ஐந்து ஏக்கர் மிச்சமாகிப் போகும் நிலையில் இருந்தது. அதை உழுதவன் வீரையன். கிடைத்தால் அவனுக்குத்தான் முதலில் கிடைக்கும் என்று விவசாயத் தொழிலாளர் சங்கத்தில் பேசிக்கொண்டார்கள்.

அப்பாவுக்கும் பண்ணையாருக்கும் நடந்த பேச்சை நான் அடுத்த அறையிலிருந்து கேட்டேன். அதனால் இதில் கற்பனை கொஞ்சம்தான்.

“மணியாரே, காத்தாயி புள்ளய ஊரே எங்க வீட்டுப் புள்ளன்னுதானே சொல்லுது?”

“அது சடங்குங்க.”

“பெத்தவளே வாயால சொல்றா. நீர் எழுதுறதுல என்ன தப்பு?”

அப்பா பதிவேட்டைப் புரட்டும் சத்தம் கேட்டது.

“உம்ம பொண்ணுக்கு டீச்சர் ட்ரெய்னிங் கேட்டிருந்தீரே. நான் ஒரு வார்த்தை சொன்னா நடக்கும்.”

அப்பாவுக்கு ஒரு பழக்கம் உண்டு. பதிவேட்டில் ஒவ்வொரு பக்கத்திலும் கடைசி வரியைக் காலியாக விட்டுவிடுவார். தாமதமாக வந்து சொல்கிறவர்களுக்கு இடம் வேண்டும் என்பார். 1969 ஐப்பசிப் பக்கத்தின் கடைசி வரியில் அன்று ஒரு குழந்தை பிறந்தது. பெண். பெயர் கமலவல்லி. தகப்பன் உத்திராபதி, தாய் பிரகதாம்பாள்.

அடுத்த வருஷம் எனக்குப் பயிற்சிப் பள்ளியில் இடம் கிடைத்தது. இந்தக் கதையை எழுதத் தெரிந்த கையை எனக்குக் கொடுத்தது அந்த வரிதான். அதனால் இதில் எங்காவது நான் அப்பாவின் பக்கம் சாய்ந்தால் நீங்கள் நிமிர்த்திக்கொள்ளுங்கள்.

நிலச் சீர்திருத்தத் தாசில்தார் வந்து முதல் விசாரணை நடத்தியபோது காத்தாயியைக் கூப்பிட்டு, இடுப்பிலிருந்த குழந்தையைக் காட்டி, யார் பிள்ளை என்று கேட்டார். அவள் எப்போதும் சொல்வதைத்தான் சொன்னாள். அவள் எமனுக்குச் சொன்னதைத் தாசில்தார் எழுதிக்கொண்டார்.

5

ரசியா பேகம் வந்தால்தான் இந்தக் கதையில் கொஞ்சம் காற்று வரும். குடும்பக் கட்டுப்பாட்டுக்காக ஊர் ஊராகச் சைக்கிளில் வந்துகொண்டிருந்த நர்ஸம்மா. சுவரெல்லாம் சிவப்பு முக்கோணம் வரைந்த காலம் அது. அவளை மோசமானவளாக எழுதிப் பார்த்தேன், வரவில்லை. அவள் சொன்னது எதுவும் பொய் இல்லை. அதுதான் சங்கடம்.

காத்தாயி பிரசவத்தில் பட்ட பாட்டைப் பார்த்தவள் அவள். இன்னொன்று என்றால் தாங்க மாட்டாள் என்று வீரையனிடம் சொன்னாள். அவன் களத்துமேட்டில் வைக்கோல் பிரி திரித்துக்கொண்டிருந்தான்.

“உங்க தாத்தா காலத்துல இந்தத் தெருவுல எத்தன குடிசை? இப்ப எத்தன? அதே வாய்க்கா, அதே தண்ணி. நெலம் என்ன குட்டியா போடும், வீரையா?”

“பண்ணைக்குப் போடுதே, நர்ஸம்மா.”

“என்ன சொல்ற?”

“அங்க ஒரு புள்ள பொறந்தா கூடவே அஞ்சு ஏக்கரும் பொறக்குதாம். சங்கத்துல சொன்னாங்க. எங்க வூட்டுல பொறந்தா மட்டும் நெலம் பத்தாமப் போயிடுது.”

ரசியா பேகம் சைக்கிளை ஸ்டாண்டு போட்டு நிறுத்தினாள். “நெலத்துக் கணக்கு எனக்குத் தெரியாது. ஆனா காத்தாயி உடம்புக் கணக்கு தெரியும்” என்றாள்.

அதற்காகத்தான் அவன் கருத்தடை அறுவைக்குச் சம்மதித்தான். நாட்டுக்காகவும் இல்லை, முகாமில் கொடுத்த வேட்டிக்காகவும் இல்லை. (வேட்டியை வாங்கிக்கொண்டான். கட்டினான். நல்ல வேட்டி.) முகாமுக்குத் தலைமை தாங்கிய உத்திராபதி, நிலம் வளராது, ஜனம் மட்டும் வளர்கிறது என்று முக்கால் மணி நேரம் பேசினார். எல்லாரும் கை தட்டினார்கள். அவர் வீட்டில் ஆறாவது ஆள் எழுதப்பட்டு இரண்டு வருஷம் ஆகியிருந்தது.

ஒரே பிள்ளை உள்ளவனுக்கு அறுவை செய்யக் கூடாது. அதனால் ரசியா பேகம் தன் நோட்டில் உண்மையை எழுதினாள்: ‘வீரையன், காத்தாயி. உயிருடன் இருப்பவை: ஆண் 1, பெண் 1.’

ஆக அந்தக் குழந்தை இரண்டு நோட்டில் இருந்தது. ஒன்றில் ஐந்து ஏக்கர் கொண்டுவந்த மகள். இன்னொன்றில் இதோடு போதும் என்று நிறுத்திக்கொண்ட கடைசிச் சுமை.

6

1974 மாசியில் சங்கத்துச் சிங்காரவேலுவுக்கு அந்த நோட்டு விஷயம் எட்டியது. அவன் அன்றைக்கே மனு எழுதினான். இரண்டாவது விசாரணைக்கு நாள் குறித்தார்கள். நோட்டைக் கொண்டுவருவதாக ரசியா பேகம் ஒப்புக்கொண்டாள். வேலை போகலாம் என்று தெரிந்தேதான் ஒப்புக்கொண்டாள்.

“நீங்க ஒரு வார்த்த சொன்னாப் போதும், அண்ணி” என்று காத்தாயியிடம் சொன்னான் சிங்காரவேலு. “எம் புள்ளன்னு. அஞ்சு ஏக்கரும் மிச்சமாயிடும். அண்ணன் பேருதான் பட்டியல்ல மொத.”

அவன் போன பிறகு வீரையன் பேச ஆரம்பித்தான். அவன் அதிகம் பேசுகிறவன் இல்லை.

“சொல்லிடு காத்தாயி.”

“இன்னும் அஞ்சு நெறையலய்யா.”

“எட்டு மாசம். எட்டு மாசத்துல என்ன ஆயிடும்?”

“எட்டு மாசத்துல எதுவும் ஆவாதுன்னா, நெலமும் எட்டு மாசம் இருக்கட்டுமே.”

“அது இருக்காதுடி. கேஸு இந்த மாசமே முடியுது.”

“நெலம் போனா கூலிக்குப் போவலாம். இவ போனா?” என்றவள் குரலைத் தாழ்த்தினாள். “இன்னொண்ணு பெத்துக்க உன்னாலயும் முடியாது.”

அதைச் சொல்லியிருக்கக் கூடாது என்று அவளுக்கு உடனே தெரிந்தது. வீரையன் எழுந்து வெளியே போனான். குடிசையின் மூலையில் ஒரு பானை இருந்தது. அதில் ஒரு மரக்கால் தவிடு. புழு வைக்காமல் இருக்க வருஷா வருஷம் அறுவடைக்குப் பின் பழசைக் கொட்டிப் புதுசு மாற்றி வைத்திருந்தாள். அதன் மூடியை ஒரு தடவை திறந்து பார்த்து மூடினாள்.

விசாரணை பள்ளிக்கூடத்து வேப்ப மரத்தடியில் நடந்தது. ரசியா பேகம் நோட்டைக் கொடுத்தாள். தாசில்தார் இந்தத் தடவை புது ஆள், நல்லவர். படித்துப் பார்த்துவிட்டு, “நோட்டு மட்டும் போதாதும்மா. நீயே சொல்லு, பயப்படாத. யார் புள்ள இது?” என்றார்.

உச்சி வெயில். தவுடு அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். காத்தாயி தாசில்தாரைக் கும்பிட்டாள்.

“ஐயா, ஐப்பசி வரைக்கும் பொறுக்க முடியாதுங்களா?”

“எதுக்கு?”

“ஐப்பசி வந்தா சொல்றேங்க.”

தாசில்தாருக்குப் புரியவில்லை. அவர் வெளியூர்க்காரர். ஆனால் சுற்றி நின்ற ஐம்பது பேருக்கும் புரிந்தது. என் அப்பாவுக்குப் புரிந்தது. உத்திராபதிக்குப் புரிந்தது. யாரும் வாய் திறக்கவில்லை. (இந்த இடத்தில் ‘மரத்தில் ஒரு காகம்—’ என்று எழுதத் தொடங்கினேன். காகம் எதுவும் இல்லை. ஐம்பது பேர் சும்மா நின்றோம் என்பதை மறைக்க ஒரு காகம் தேவைப்பட்டது, அவ்வளவுதான்.)

“உன் புள்ளன்னா இன்னிக்கும் உன் புள்ளதானேம்மா?”

அவள் குனிந்து குழந்தையைப் பார்த்தாள். பிறகு வானத்தைப் பார்த்தாள்.

“பண்ணைப் புள்ளைங்க. வளக்குறேன்” என்றாள்.

7

இங்கே நான் மூன்று முடிவு எழுதிப் பார்த்தேன்.

முதலாவதில் அவள் ‘என் பிள்ளை’ என்கிறாள், நிலம் வருகிறது, பிள்ளை சாகிறது. சடங்கு ஜெயித்துவிடும். சிங்காரவேலு என்னை உதைப்பான்.

இரண்டாவதில் அவள் சொல்கிறாள், நிலமும் வருகிறது, பிள்ளையும் பிழைக்கிறது. இதைப் பள்ளிக்கூட ஆண்டுவிழாவில் நாடகமாகப் போடலாம்.

மூன்றாவது நடந்தது. அந்த வைகாசியில் வாய்க்கால் காய்ந்து வெடித்துக் கிடந்தது. சேரிக்கு இருந்த ஒரே குளத்தில் சேறு போக மிஞ்சியதை மாடும் மனிதரும் பங்கிட்டுக்கொண்டார்கள். பண்ணை வீட்டுக் கொல்லையில் கைப்பம்பு இருந்தது. அடித்தால் கண்ணாடியாகத் தண்ணீர் வரும். பண்ணையின் மகள் என்று அரசாங்கமே எழுதி வைத்திருந்த தவுடு அந்தப் பம்பைத் தொட முடியாது. தண்ணீர் பற்றவில்லை என்கிறார்கள். அந்தப் பம்பில் ஒருநாளும் தண்ணீர் பற்றாமல் போனதில்லை.

குளத்துத் தண்ணீரைக் குடித்தாள். பேதி கண்டது. இரண்டே நாள். “அக்கா, தண்ணி” என்றுதான் கடைசியாகக் கேட்டாள். அப்போதும் காத்தாயி அதைத் திருத்தவில்லை. இன்னும் ஐந்து மாதம் இருந்தது.

புதைத்துவிட்டு வந்த மறுநாள் காலை காத்தாயி பானையைத் தூக்கிக்கொண்டு பண்ணை வீட்டுக் கொல்லைக்குப் போனாள். அதே தொழுவம். பிரகதாம்பாள் வந்து நின்றாள்.

“தவுடு கொண்டாந்திருக்கேம்மா. எம் புள்ளையக் குடுத்துடுங்க.”

பிரகதாம்பாளின் கை முன்னால் வந்தது. அதை நான் அவளுக்காகச் சேர்க்கவில்லை, அவளே பின்னாளில் என்னிடம் சொன்னாள். உள்ளேயிருந்து உத்திராபதி குரல் கொடுத்தார்: “வாங்காத. சங்கத்துக்காரன் அப்பீல் போட்டிருக்கான். வாங்குனா நாமளே ஒத்துக்கிட்ட மாதிரி.”

கை திரும்பிப் போனது. காத்தாயி தவிட்டைத் தரையில் கொட்டிவிட்டு வெறும் பானையோடு நடந்தாள். கட்டவிழ்ந்த கன்று ஒன்று வந்து அதைத் தின்றது.

அங்கிருந்து நேராக எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தாள்.

“எழுதுங்க மணியாரய்யா. எம் புள்ள செத்துட்டா.”

அப்பா பதிவேட்டை எடுத்தார். புரட்டினார். மூடினார். “பதிவுல உனக்கு அப்படி ஒரு புள்ளயே இல்லையே, காத்தாயி.”

“அப்ப நான் பொதச்சது யாருங்க?”

அன்று மதியம் அப்பாவுக்குச் சோறு இறங்கவில்லை என்று எழுத ஆசையாக இருக்கிறது. நன்றாகத்தான் சாப்பிட்டார். விடுமுறைக்கு வந்திருந்த நான்தான் பரிமாறினேன். இரண்டாவது தடவை ரசம் கேட்டார்.

அப்பீல் தள்ளுபடி ஆனது. ஐந்து ஏக்கரும் கமலவல்லியின் பங்காகப் பண்ணையிலேயே நின்றது. வீரையன் அதைக் கூலிக்கு உழுதான். ரசியா பேகத்தை வேறு ஊருக்கு மாற்றினார்கள். போகிற அன்று அவனைப் பார்க்கப் போனாளாம். அவன், “நீங்க சொன்னது சரிதான் நர்ஸம்மா, நெலம் குட்டி போடாது” என்றானாம். அவள் அழுதுகொண்டே சைக்கிளை மிதித்துப் போனதாக ஊரில் சொன்னார்கள். அந்த நோட்டு இப்போது என்னிடம் இருக்கிறது. ‘பெண் 1’ என்பதை அவளும் அடிக்கவில்லை.

8

சொல்வதாகச் சொன்னதைச் சொல்லிவிடுகிறேன்.

1991, கணக்கெடுப்பு. சொந்த ஊரையே எனக்கு ஒதுக்கியிருந்தார்கள். உத்திராபதி போய்ச் சேர்ந்து சில வருஷம் ஆகியிருந்தது. பிரகதாம்பாள் நாற்காலியில் உட்கார்ந்து வீட்டு ஆட்களின் பெயரை ஒவ்வொன்றாகச் சொன்னாள். கடைசியில் நிறுத்தி என் முகத்தைப் பார்த்தாள்.

“கமலவல்லிய நீயே எழுதிக்க. உங்கப்பா எழுதுனதுதானே.”

எழுதினேன். பெண், வயது இருபத்தொன்று, திருமணம் ஆகாதவர். நிலம் இன்னும் அந்தப் பெயரில் இருந்தது, பிள்ளைகளுக்குள் பாகம் முடியவில்லை, எனக்குப் பதவி உயர்வு வர வேண்டியிருந்தது. காரணங்களுக்கு என்ன பஞ்சம்? என் கையெழுத்து அப்பாவுடையதைப் போலவே சாயும் என்பதை அன்றுதான் கவனித்தேன்.

அப்புறம் காத்தாயி வீட்டுக்குப் போனேன். வீரையனும் போய்ச் சேர்ந்திருந்தான். இளையபெருமாள் திருப்பூருக்குப் போய்விட்டான். அவள் மட்டும் வாசலில் நின்றாள். படிவத்தில் இரண்டு கேள்வி இருந்தது: பிறந்த பிள்ளைகள் எத்தனை, இப்போது உயிருடன் இருப்பவர் எத்தனை.

“ஒருத்தன் இருக்கான். ரெண்டு போயிடுச்சு” என்றாள். பிறகு, “இன்னொண்ண எப்படிச் சொல்றது டீச்சரம்மா? அவங்கதான் தவுட்ட வாங்கிக்கலையே.”

“இன்னும் என்ன பயம், காத்தாயி? எல்லாம் முடிஞ்சு போச்சு. உன் புள்ளன்னு சொல்லு, எழுதுறேன். செத்துட்டான்னே எழுதுறேன்.” பதினேழு வருஷம் கழித்து அப்பா மறுத்ததை நான் எழுதப்போகிறேன் என்று எனக்கு அப்போது ஒரு பெருமை இருந்தது.

“வேணாம்மா” என்றாள். “நான் சொல்லிட்டா அவங்க வூட்டு எழுத்துல இருக்கிறவளும் போயிடுவா. அங்கயாவது இருக்கட்டும்.” பிறகு கேட்டாள்: “இப்ப என்ன வயசு எழுதுனீங்க?”

“இருபத்தொண்ணு.”

காத்தாயி விரல் விட்டு எண்ணிப் பார்த்தாள்.

“சரிதான்” என்றாள்.

இதுவரைதான் என்னால் எழுத முடிந்தது. கமலவல்லியை இந்தக் கதையில் உயிரோடு விட்டால் பண்ணைக்கு மூன்றாவது தடவையாக ஐந்து ஏக்கர் எழுதிக் கொடுத்தவள் ஆவேன். செத்துவிட்டாள் என்று முடித்தால், பெற்றவள் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட ஒரே காரியத்தைச் செய்தவள் ஆவேன். இந்த நாட்டில் ஆட்கள் அதிகம் என்று சொல்கிறவர்கள் யாரை எண்ணுகிறார்கள், யாரைக் குறைக்கச் சொல்கிறார்கள் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. இதில் நான் நம்பிக்கையாகச் சொல்ல ஒன்றும் இல்லை.

அதனால் அப்பாவின் பழக்கப்படி பக்கத்தின் கடைசி வரியைக் காலியாக விடுகிறேன். பேனா உங்களிடம் இருக்கிறது. ஒன்று கூட்டுவீர்களோ, ஒன்று குறைப்பீர்களோ, சீக்கிரம் எழுதுங்கள். வெயில் ஏறுகிறது, காத்தாயி இன்னும் வாசலில் நின்றுகொண்டிருக்கிறாள்.

காத்தாயி. உயிருடன் இருப்பவர்: ஆண் 1, பெண் ........